மூன்றாவதாக நிதானம்

குதிரைப் பந்தய மைதானத்தில் ஜாக்கி ஒருவர் இறந்தது தொடர்பாக, மேற்படி மைதானத்தின் வர்ணனையாளர் யாரும் அழைக்காமல் தாமாகவே காவல் நிலையத்துக்கு வந்து கொடுத்த வாக்குமூலம். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் முழுப்பெயரை நிலைய எழுத்தரிடம் கொடுத்துள்ளேன். மைதானத்தில் சம்பளம் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. எல்லோருக்கும் நான் 'மைக்'. வயது ஐம்பத்தெட்டு. தகப்பனார் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர், காலமாகிவிட்டார். மைதானத்தின் பின்வாசலுக்கு எதிரே லாயத் தெருவில், ஓட்டு வீட்டின் மாடியில் வசித்து வருகிறேன். கீழ்ப்பகுதியில் என் தங்கை குடியிருக்கிறாள். ஜாக்கிகளுக்குச் சட்டையும் தொப்பியும் தைப்பது அவள் தொழில். இறந்துபோன ஜாக்கி அவளுடைய ஒரே மகன், எனக்கு மருமகன். அவனைத் தெருவில் பொடியன் என்று கூப்பிடுவோம்.

ஆய்வாளர் ஐயா அவர்கள் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் மூடாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், எனவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மைதானம் முன்பு எப்படி இருந்தது என்று சொல்லாமல், நடந்ததைச் சொன்னால் புரியாது.

நான் மைக் பிடிக்க ஆரம்பித்த காலத்தில் பந்தய நாளன்று ரயிலில் கூடுதல் பெட்டிகள் கோர்ப்பார்கள். வெளிநாட்டிலிருந்து குதிரை முதலாளிகள் வருவார்கள், அவர்கள் தங்குவதற்கென்றே இரண்டு ஓட்டல்கள் நடந்தன. கேலரியில் இடம் கிடைக்காதவர்கள் மரத்தில் ஏறியிருப்பார்கள். எதிர்ப்பக்கம், அதாவது கேலரியிலிருந்து பார்த்தால் ஏரியை ஒட்டினாற்போல் ஓடும் தூரத்துப் பாதையில், வரிசையாகக் கோபுரங்கள் இருந்தன. ஒவ்வொரு கோபுரத்திலும் ஒரு கொடிக்காரர் இருப்பார், அவர் பக்கத்தில் தொலைபேசி இருக்கும். குதிரை விழுந்தால் சிவப்புக் கொடி ஏறும், அதே நொடியில் என் அறையில் மணி அடிக்கும். ஆம்புலன்ஸ் உள்பாதையில் குதிரைகளுக்குப் பின்னாலேயே ஓடும்.

இன்று கேலரியின் மேல்தட்டுக்குப் போகும் படியில் கயிறு கட்டியிருக்கிறார்கள், கூரைத் தகடு எப்போது தலையில் விழும் என்று தெரியாது என்பதால். கீழே உள்ள கூடத்தில் வரிசையாக டிவி வைத்து, வேறு ஊர்களில் நடக்கும் பந்தயங்களைக் காட்டுகிறார்கள். கூட்டம் அங்கேதான். வந்தவர்கள் எங்கள் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிவியைப் பார்க்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நிஜக் குதிரை ஓடும்போது திரும்பிப் பார்க்க ஆளில்லை. நான் ஈ ஓட்டுகிறேன் என்று மருமகன் கேலி செய்வான். 'நீ குதிரை ஓட்டு, நான் ஈ ஓட்டுறேன், ரெண்டும் நாலு கால்தானே' என்பேன். 'ஈக்கு ஆறு கால் மாமா' என்பான். நாங்கள் இருவரும் எப்போதும் இப்படித்தான். ஒருவரையொருவர் ஓட்டாமல் ஒருவேளை சோறு இறங்காது.

கொடிக்காரர்களை முதலில் நிறுத்தினார்கள், கேமரா வைத்திருக்கிறோம் என்று சொல்லி. அதன் பிறகு கேமராக்களும் போயின. உள்பாதை குண்டும் குழியுமாகிவிட்டதால் ஆம்புலன்ஸ் குதிரைகளின் பின்னால் போவதில்லை, வாசல் பக்கம் நிற்கிறது. ஓட்டுநர் வண்டிக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருப்பார். யாராவது விழுந்ததாக நான் சொன்னால் கிளம்புவார். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் நான் ஒரு வரி சொல்வது பழைய வழக்கம்: 'ஓடிய குதிரைகள் யாவும் வந்து சேர்ந்தன, ஏறியவர் யாவரும் நலம்.' முன்பு அது சும்மா மரியாதைக்குச் சொல்லும் வரி. இப்போது, கடைசிப் பந்தயத்துக்குப் பிறகு அந்த வரியைக் கேட்டதும்தான், இனி வேலை இல்லை என்று ஆம்புலன்ஸ் மைதானத்தை விட்டுப் போகும். ஆக, அந்த மைதானத்தில் கோபுரம், கொடி, கேமரா, மணி எல்லாமே என் வாய்தான் என்று ஆகிவிட்டது. இதை யாரும் உத்தரவாகப் போடவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார்கள், கடைசியில் நான் மிஞ்சினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரியிலிருந்து பனி இறங்கும் நாட்களில் எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது வர்ணனையாளர் வாயை மூடிக்கொள்ள முடியாது. கடைசியாகக் கண்ட வரிசையையே கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிச் சொல்லி, குதிரைகள் திருப்பத்தில் வெளியே வரும்வரை ஓட்டுவோம். எங்கள் தொழிலில் இதற்கு 'நிரப்புவது' என்று பெயர். எனக்கு முன்பு இருந்தவரும் நிரப்பினார், அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். கோபுரங்கள் இருந்தவரை அதில் ஆபத்து இல்லை. ஏதாவது நடந்தால் மணி அடித்துவிடும்.

சம்பவத்தன்று மூன்றாவது பந்தயத்துக்குப் பிறகு பனி இறங்கியது. நான்காவதை எப்படியோ ஓட்டினார்கள். ஐந்தாவதுதான் அன்றைய கடைசிப் பந்தயம். அதற்கு முன்பு மைதானத்தின் செயலாளர் என் அறைக்கு ஏறி வந்தார். ஓடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் நடுவருக்குத்தான். நடுவர் கீழே இருப்பதால், மேலே உள்ள என்னைக் கேட்டு வரச் சொன்னதாகச் சொன்னார். உள்தொலைபேசி வேலை செய்வதில்லை.

'மைக், எதிர்ப்பக்கம் தெரியுதா?' என்று செயலாளர் கேட்டார்.

நான் வெளியே பார்த்தேன். எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டது மாதிரி இருந்தது.

செயலாளர் மேலும் சொன்னார்: 'இந்த வருஷம் ஒரு பந்தயம் குறைஞ்சாலும் மைதானத்துக் குத்தகையை ரத்து பண்ண நிலத்துக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அப்புறம் லாயத் தெருவே காலி. பார்த்துச் சொல்லுங்க.'

நான் 'தெரியும் சார்' என்று சொன்னேன்.

இந்த இடத்தில் ஐயா அவர்கள் எழுதுவதை நிறுத்தச் சொல்லி, தெரியுதா என்று கேட்டால் தெரியுது என்றோ தெரியலை என்றோதானே சொல்ல வேண்டும், தெரியும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். மைதானம் எனக்குத் தெரியும், நிரப்பத் தெரியும் என்ற அர்த்தத்தில் சொன்னேன். செயலாளர் அதைக் கண்ணுக்குத் தெரிகிறது என்று கீழே போய்ச் சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள ஒரு எழுத்து போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு குதிரைகள் கிளம்பின. மருமகன் ஏறியிருந்த குதிரையின் பெயர் நிதானம். பெயருக்கும் குணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, தீனி வைக்கிறவரையே கடிக்கும். பொடியன் சிவப்புத் தொப்பி போட்டிருந்தான். மற்ற தொப்பிகளைவிடப் பளிச்சென்று இருக்கும் துணியைத் தங்கை தேடிப் பிடித்து வாங்கித் தைத்திருந்தாள். 'எவ்வளவு தூரத்துல இருந்தாலும் உன் மாமாவுக்குத் தெரியணும்' என்று சொல்லி அவன் தலையில் வைத்துப் பார்த்தாள். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன்.

முதல் திருப்பத்தில் பனிக்குள் நுழையும்போது நிதானம் மூன்றாவதாக இருந்தது. அதுதான் நான் கண்ணால் கண்டது. அதன் பிறகு நிரப்பினேன். மூன்றாவதாக நிதானம், மெல்ல முன்னேறுகிறது நிதானம், அவசரப்படவில்லை நிதானம் என்று சொன்னேன். மருமகன் என்பதால் அவன் குதிரையின் பெயரைக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். தெருவில் தங்கை தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்காகவும் சொன்னேன்.

அதன் பிறகு குதிரைகள் பனியிலிருந்து வெளியே வந்து கோட்டைக் கடந்தன. கேலரிப் பக்கமும் அப்போது மங்கலாகிவிட்டது. சேணத்துக்கு அடியில் கட்டியிருக்கும் எண் துணியைத்தான் பார்த்தேன். நிதானத்தின் எண் மூன்றாவதாகவே கடந்தது. நான் நிரப்பியது அப்படியே பலித்துவிட்டது என்று மனதுக்குள் பெருமைப்பட்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, பெருமைப்பட்டேன். குதிரையின் முதுகைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வழக்கமான வரியைச் சொன்னேன்.

குதிரை மட்டும் ஓடி வந்ததைக் கோட்டருகே இருந்த நடுவர் பார்த்துவிட்டு என்னிடம் ஆள் அனுப்பினார். அந்த ஆள் படியேறி வருவதற்குள் வரி முடிந்துவிட்டது, ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டிவிட்டது. கடைசிப் பந்தயம் என்பதால் ஓட்டுநருக்கு அங்கே வேலை இல்லை. போனில் கூப்பிட்டார்கள். அவர் பாலத்து நெரிசலில் சிக்கிக்கொண்டிருந்தார், திரும்ப இடமில்லை. அவர் மீது எந்தத் தவறும் இல்லை.

நான் மைக்கை அணைக்காமலே கீழே இறங்கி ஓடினேன். மைதானத்தின் நடுவில் புல் வெட்டுகிறவர் எதிரே ஓடி வந்தார். அவர் பழைய கொடிக்காரர். வேலையிலிருந்து நிறுத்திய பிறகு புல் வெட்ட வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் பந்தய நேரத்தில் கோபுரத்தடியில் போய் நிற்கும் பழக்கம் அவரை விடவில்லை. உடம்பில் சட்டை இல்லை. அதைக் கழற்றிக் கொடிபோல் ஆட்டிப் பார்த்ததாகச் சொன்னார். பனியில் யார் பார்ப்பது?

மருமகன் வேலியோரம் கிடந்தான். நான் கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை, மூச்சு இருந்தது. வேறு வண்டி இல்லாததால் குதிரை ஏற்றும் லாரியில் வைக்கோலைப் பரப்பிக் கிடத்தினோம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்கு முன்பு மூச்சு நின்றுவிட்டது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். தலைமாட்டில் கிடந்த சிவப்புத் தொப்பியை நான் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று இரவு செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். விழுந்த உடனேயே உயிர் போய்விட்டதாகத் தாம் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், நானும் புல் வெட்டுகிறவரும் அப்படியே சொன்னால் போதும் என்றும் சொன்னார். 'உடனே போயிட்டான்னா யார் மேலயும் தப்பில்லை. உங்க தங்கச்சிக்கும் அதுதான் ஆறுதல், வலிக்காம போயிட்டான்னு இருக்கும்' என்றார். அவர் போன பிறகு தெருவிலிருந்து இரண்டு பயிற்சியாளர்களும் லாயக்காரர் ஒருவரும் வந்தார்கள். அவர்கள் யாரும் மிரட்டவில்லை. 'போனவன் போயிட்டான். இருக்கிறவங்க வயித்துல அடிச்சிடாதீங்க' என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த வாக்குமூலத்தால் மைதானம் மூடப்படும். தெருவில் ஒரு வீட்டிலும் வேறு தொழில் தெரிந்தவர்கள் இல்லை, நான் உட்பட.

மறுநாள் காலையில் தொப்பியைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'மூணாவதா வரான்னு சொன்னியே அண்ணா. நான் தைச்ச தொப்பி தெரிஞ்சுதானே சொன்னே?' என்று கேட்டாள்.

நேராக இங்கே வந்தேன்.

விழுந்த உடனேயே அவன் இறக்கவில்லை என்பதற்கு என் சொல்லைத் தவிர என்ன ஆதாரம் என்று ஐயா அவர்கள் கேட்டார்கள். புல் வெட்டுகிறவர் அவனருகே போனபோது அவனுக்கு நினைவு இருந்தது. அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் என் குரல், மூன்றாவதாக நிதானம், மெல்ல முன்னேறுகிறது நிதானம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பொடியன் அதைக் கேட்டு, மண்ணில் கிடந்தபடியே சிரித்தானாம். 'மாமா இன்னும் என்னை ஓட்டிக்கிட்டு இருக்காரு' என்று சொன்னானாம். லாரியில் வரும்போது புல் வெட்டுகிறவர் இதை என்னிடம் சொன்னார். அவருடைய மகன் லாயத்தில் வேலை செய்கிறான், எனவே அவர் இங்கே வந்து சொல்வாரா என்பது எனக்குத் தெரியாது. வராவிட்டால் அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்த வார்த்தையை இட்டுக்கட்டிச் சொல்ல என்னால் முடியாது, என் மருமகனைத் தவிர யாராலும் முடியாது.

தங்கை நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், என் பின்னாலேயே வந்துவிட்டாள். இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வெளியே போனதும் சொல்லப்போகிறேன்.

சம்பவத்தன்று நான் ஒலிபெருக்கியில் சொன்ன கடைசி வரி தவறு. அதைத் திருத்தி இங்கே பதிவு செய்கிறேன். ஓடிய குதிரைகள் யாவும் வந்து சேர்ந்தன. ஏறியவர்களில் ஒருவர் வரவில்லை.

எழுத்தர் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், பாராமல் சொன்னதைப் பாராமல் சொன்னதாகவும் கூறியுள்ளேன். இவை யாவும் உண்மை.

(கையொப்பம்)
வர்ணனையாளர்