கண்டிச் சட்டம்

கண்டியிலிருந்து திகன போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். யன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"கண்டியிலயே பொறந்து வளந்தவ நான். கண்டிச் சட்டம் எனக்குச் செல்லாதாம், அக்கா."

"யாரு சொன்னா?"

"உறுதிப் பத்திரம் எழுதுற நொத்தாரிஸ் ஐயா. மகனுக்கு நன்கொடையா எழுதிக் குடுத்த வீட்டு உறுதிய ரத்துப் பண்ணத்தான் போனேன். நான் சமைக்கிற குசினிக்கே பூட்டுப் போட்டுட்டானே! கண்டிச் சட்டப்படி நெனச்ச நேரம் ரத்துப் பண்றதெல்லாம் கண்டிச் சிங்கள ஆளுங்களுக்குத்தானாம்."

"அப்ப ஒனக்கு வழியே இல்லையா?"

"இருக்கு. மகன் நன்றி கெட்டவன்னு கோட்டுல நிரூபிக்கணுமாம்."

"அதத்தான் தெரு முழுக்கச் சொல்லிட்டியே. அங்கயும் போய்ச் சொல்லு."

யன்னலோரத்தவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஒங்ககிட்ட சொன்னா நீங்க மறந்துருவீங்க. கோட்டுல எழுதி வச்சிருவாங்களே, அக்கா."