கள்ளிச்செடியின் முள்

பச்சைக் காலுறை கிடைப்பதுதான் கஷ்டம், மிஸ்ஸி. வெள்ளை, கறுப்பு என்றால் பழசை அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள். முயல், ஆந்தை செய்வேன். பச்சை கிடைத்தால் இலவம்பஞ்சு அடைத்து, சின்னத் தொட்டியில் நட்டு, கள்ளிச்செடி ஆக்கிவிடுவேன். முள்ளுக்குப் பதில் குண்டூசி. உங்கள் பின்னால் இருக்கிறதே, அது என் மகள் அனுப்பிரியா பள்ளியில் பச்சை அணிக்கு ஓடியபோது போட்டது.

கேட்டதற்கு வருகிறேன். என் வீட்டுக்காரரின் வெட்டிய காலுக்குக் கட்டு மாற்றக் கிளினிக்கிலிருந்து வந்த நீங்கள், மற்றக் காலின் காலுறையையும் கழற்றினீர்கள். பாதத்தில் குண்டூசி இருந்தது. எப்படிப் போனது என்கிறீர்கள். அவர் முன்னறையில் ரேடியோ கேட்கிறார், நாம் பேசுவது கேட்காது. வெட்டிய காலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அவர் ரயில்வேக்காரர். வேலையில் இருந்தபோதும் வீட்டில் இல்லை, பென்ஷன் வாங்கியும் இல்லை. காலையில் காலில் சப்பாத்து மாட்டினால் காப்பிக்கடை, கோயில் கமிட்டி, கிள்ளான் டவுன் முழுக்க ஒரு சுற்று. இனிப்புநீர் வியாதியில் பாதம் மரத்துப் போயிருந்தது. "ஆன்டி, தினம் நீங்கதான் கால் பார்க்கணும், அவருக்குத் தெரியாதுலா" என்று கிளினிக்கில் சொன்னார்கள். பார்த்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

ஒரு தீபாவளி சமயம், அவர் காலுறை ஒன்றைப் பொம்மைக்கென்று குண்டூசி குத்தி வைத்தேன். மறந்துபோய்த் துவைத்த துணியோடு மடித்துவிட்டேன். அது என் தவறுதான். சாயங்காலம் கழற்றினால் பாதத்தில் ஊசியின் மஞ்சள் தலை மட்டும் தெரிந்தது. நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறார்.

"என்னா அவ்வளவு நேரமா பாக்கிற? புதையலா இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. கால் சுத்தமா இருக்கு."

சொல்லியிருந்தால் என் பொம்மைகளைக் கூடையோடு தூக்கி வீசியிருப்பார். "கிழிஞ்ச ஸ்டோக்கினோட குடித்தனம் பண்றா" என்று காப்பிக்கடையில் சொல்லிச் சிரித்தவர். ஊசியைப் பிடுங்கித் துடைத்துக் கள்ளிச்செடியிலேயே குத்தினேன்.

மறுநாளும் கால் சுத்தம் என்றேன். சீழ் வந்தபோதும் அதையே சொன்னேன். வாடைக்குத் தைலம் தடவினேன். காய்ச்சலில் படுத்தார். "டாக்டர்ட்ட போவமா?" என்றார். "மழைக் காய்ச்சல்ங்க." சும்மா இருக்க முடியாமல், "அந்தப் பஞ்ச இங்க கொடு" என்றார். ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு முயல் செய்து முடித்தோம். கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு நேரம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். "ஆன்டி பாவம், கண்ணு தெரியல" என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். ஊசியில் நூல் கோக்க எனக்கு இன்னும் கண்ணாடி வேண்டாம்.

பிறகு நல்லபடியாகத்தான் இருந்தோம். அவர் பஞ்சு அடைப்பார், நான் தைப்பேன். முயலுக்கு மீசை வைத்துவிட்டு, "கமிட்டித் தலைவர் மூஞ்சி மாதிரியே இல்ல?" என்பார். சிரிப்போம்.

போன வாரம் அனுப்பிரியா வந்தாள். "அம்மா, செயற்கைக் கால் போட்டா அப்பா நடப்பாரு. பங்சாருக்கு என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரூம் ஒண்ணுதான் இருக்கு, நீங்க வாராவாரம் வந்து பாருங்க."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "என் சப்பாத்த எங்க வச்ச?" என்றார். ஒற்றைச் சப்பாத்துதான். துடைத்துக் கொடுத்தேன். அன்றே கைத்தாங்கியைப் பிடித்து, இருக்கிற காலை ஊன்றி நடந்து பழக ஆரம்பித்தார்.

நேற்றுக் காலை அந்தக் காலுக்குக் காலுறை மாட்டியதும் நான்தான். இந்தத் தடவை மறதி இல்லை. கள்ளிச்செடியில் பார்த்து எடுத்தேன், இருப்பதில் மெல்லியதாக.

கூப்பிடுகிறார், கேட்கிறதா? "மிஸ்ஸிக்குக் காப்பி கொடுத்தியா?" என்கிறார். நல்ல மனிதர். அவருக்கு வலிக்காது, மிஸ்ஸி. வலிக்கும் என்றால் நான் செய்வேனா?