‘ரைட்’ என்று சொன்ன குரல்

மனுதாரர் தரப்பு இரண்டாம் சாட்சி. பெயர் தபீதாள், கணவர் பெயர் தனசிங், வயது 56, தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை, குடியிருப்பு ஊரப்பாக்கம், மூன்றாவது குறுக்குத் தெரு, கதவு எண் 14. கடவுளின் பெயரால் உறுதியெடுத்துக்கொண்டு சொல்வதாவது:

மேற்படி முகவரியில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். இறந்துபோன குமரவேல் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மறைமலை நகரில் கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். விபத்து நஷ்டஈடு கேட்டு இந்த மனுவைப் போட்ட மனுதாரர் வினிதா அவருடைய மனைவி. அவர்களுக்கு நித்யஸ்ரீ என்று ஒரு மகள், சம்பவத்தின்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். அவர்கள் மூவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவர்களுக்கும் முன்விரோதம் ஏதும் கிடையாது.

11.05.2024 சனிக்கிழமை காலை சுமார் ஆறே முக்கால் மணிக்கு நான் சொல்லியிருந்த தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்கு வந்தது. எங்கள் தெரு முட்டுச் சந்து என்பதால் லாரி பின்பக்கமாகத்தான் உள்ளே வரவேண்டும். எங்கள் சம்ப், அதாவது தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடி, இரும்பு மூடி, கேட்டுக்கு வெளியே இருக்கிறது. என் கணவருக்கு முதுகுவலி என்பதால் ஒவ்வொரு முறையும் குமரவேல்தான் அதைத் தூக்கித் தருவார். அன்றைக்கும் நான் கேட்காமலே வந்தார். நான் அவருக்கு டீ கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை மதில்மேல் வைத்தார். அதன் பிறகு குனிந்து மூடியில் கம்பியை விட்டு நெம்பிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கு அருகில், அவரிடமிருந்து ஆறடி தள்ளி நின்றேன்.

லாரியில் கிளீனர் கிடையாது. வழக்கமாக ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று கையைக் காட்டிக் கூட்டி வருவார், அன்று டிரைவர் அரிகிருஷ்ணன் மட்டும் இருந்தார். வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பிதான் இருந்தது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். லாரி தெருவில் இடப்பக்கமாகவே ஒதுங்கி வந்தது. குமரவேல் இருந்ததும் அந்தப் பக்கம்தான். மோட்டார் சத்தத்தில் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டியை வலது பக்கம் ஒடிக்கச் சொல்லவேண்டும் என்ற எண்ணத்தில் நான், “ரைட்டு, ரைட்டு” என்று கத்தினேன்.

கத்தியவள் நான்தான். ரைட் என்றால் வலது என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த நேரத்தில் எனக்கு அந்த அர்த்தம் ஒன்றுதான் தெரிந்தது. பஸ்ஸிலும் லாரியிலும் ரைட் என்றால் போகலாம் என்று அர்த்தம். தினமும் பஸ்ஸில் போகிற எனக்கு அது தெரியாது என்று சொல்லமாட்டேன். டிரைவர் அதைக் கேட்டதும் வண்டியை வேகமாகப் பின்னால் விட்டார். “நிறுத்து” என்று அதன் பிறகு கத்தினேன். அதற்குள் லாரி குமரவேல்மேல் மோதி எல்லாம் முடிந்துவிட்டது.

டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு, “ரைட்டுன்னு யாரோ கொரல் குட்த்தாங்களே, அத்த கேட்டுகினுதான வந்தேன்” என்று அங்கே கூடியவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். வினிதா ஓடிவந்து தெருவிலேயே உட்கார்ந்து குமரவேலின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. அந்த நேரத்தில் நான் செய்த ஒரே காரியம், மதில்மேல் இருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனதுதான். நான் வெளியே இருந்தேன் என்பதற்கு அது அடையாளமாகிவிடும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அதன் பிறகு நடந்ததை என் கணவரிடம் சொன்னேன். அவர், “நீ உள்ளதான் இருந்தே. சத்தம் கேட்டு வந்தே. அவ்ளோதான், வேற எதுவும் பேசாதே” என்றார். அன்று மதியம் விசாரிக்க வந்த போலீஸாரிடம் நான், சமையலறையில் இருந்தேன், சத்தம் கேட்டு வெளியே வந்தேன், குமரவேலையும் டிரைவரையும் தவிரத் தெருவில் யாரும் இல்லை என்று சொன்னேன். என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் உண்மையை மறைத்துவிட்டேன். என் கணவர்மேல் குற்றம் சொல்ல வரவில்லை. வாய் என்னுடையது.

அதன் பிறகு ஒன்பது மாதம் கழித்து வினிதா ஒரு கவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். “டீச்சர், லாரி இன்சூரன்ஸ்காரங்க கோர்ட்ல இங்கிலீஷ்ல ஏதோ போட்ருக்காங்க. இன்னான்னு படிச்சு சொல்லுங்க” என்றார். கூட நித்யஸ்ரீயும் இருந்தாள். நான் படித்தேன். டிரைவர் ஒரு குரல் கேட்டு வண்டியை விட்டார், அப்போது தெருவில் வேறு யாரும் இல்லையென்று பக்கத்து வீட்டுச் சாட்சியே சொல்லியிருப்பதால் குரல் கொடுத்தது இறந்தவர்தான், தன் சாவுக்கு அவரே காரணம் என்று அதில் எழுதியிருந்தது. பெயர் போடவில்லை என்றாலும் அந்தச் சாட்சி நான்தான். அதை அப்படியே அவர்களுக்குத் தமிழில் சொன்னேன்.

வினிதா, “அவரு அப்படியாப்பட்ட ஆளு கெடையாது டீச்சர். ரோடு கிராஸ் பண்ணவே நாலு வாட்டி பாப்பாரு” என்றார். நித்யஸ்ரீ, “அப்போ அப்பாவே வண்டியக் கூப்ட்டாருன்னு எழுதிட்டாங்களா டீச்சர்?” என்று கேட்டாள். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று முதல் அந்தப் பெண் கேட்டது என்னை விடவில்லை. வகுப்பில் நின்றாலும் அதுதான் காதில் விழுந்தது.

அதன் பிறகு மனுதாரரின் வக்கீல் வெற்றிவேலிடம் நானாகப் போய் நடந்ததைச் சொன்னேன். போலீஸில் ஒன்றும் கோர்ட்டில் ஒன்றும் சொன்னால் என்மேல் வழக்கு வரலாம் என்று அவர் எச்சரித்தார். வரட்டும் என்றேன். வினிதாவிடம் நானே சொல்கிறேன், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையில்: மனுதாரர் எனக்குப் பழக்கமானவர் என்பதால் பழியை என்மேல் போட்டுக்கொண்டு பொய் சொல்கிறேன் என்பது சரியல்ல. முன்பு சொன்னதுதான் பொய். குமரவேல் வண்டிக்கு வழி காட்டவில்லை, வாயே திறக்கவில்லை, எங்கள் வீட்டு மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார். கிளீனர் இல்லாமல், கண்ணாடி இல்லாமல் ஒரு சந்துக்குள் வண்டியைப் பின்னால் விட்டது தவறு. அதன்மேல் என் வார்த்தையும் ஒரு தவறு. என் பங்கு எவ்வளவு என்பதைக் கோர்ட்டார் முடிவு செய்யட்டும். செத்துப்போன மனிதர் தலையில் அதைக் கட்டவேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

மீண்டும் கேட்கப்பட்டதில்: இதை வினிதாவிடம் சொல்லிவிட்டீர்களா என்றால், இல்லை. பலமுறை அவர் வீட்டு வாசல்வரை போனேன். இன்று காலைகூட செங்கல்பட்டுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தோம். சாப்பிடாமல் வந்திருப்பீர்களே என்று எனக்கும் சேர்த்து இட்லி கட்டி வந்திருந்தார். எனக்காகச் சாட்சி சொல்ல வர்றீங்களே டீச்சர் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அவர் இப்போது இதே அறையில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்ன எல்லாவற்றையும் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார்.

மேலே கண்டவற்றை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே சொன்னேன், அத்தனையும் உண்மை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வாசித்தபோது, போலீஸாரிடம் சொன்னதைப் பற்றிய வரியில் ‘மறந்துவிட்டேன்’ என்று தட்டச்சாகியிருந்தது. அதை ‘மறைத்துவிட்டேன்’ என்று திருத்தக் கேட்டுக்கொண்டேன். திருத்தப்பட்டது. திருத்திய இடத்திலும் கீழேயும் கையொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) த. தபீதாள்