காசி பேரை அடிச்சுடுங்க

— நோட்டுல இருந்து எங்க வீட்டுக்காரர் பேரை அடிச்சுடுங்க உபதேசியாரய்யா. அதைத்தான் கேக்க வந்தேன்.

— உனக்கு புத்தி கெட்டுப் போச்சா பூவம்மா? அஞ்சு மாசம் முன்னாடி இதே கோயில் வாசல்ல உக்காந்துனு அழுதியே. காசியை சாராயத்துல இருந்து மீட்டுக் குடுங்கன்னு கேட்டது யாரு?

— நான்தான்.

— கர்த்தர் மீட்டுக் குடுத்தாரா இல்லையா?

— குடுத்தாரு.

— பாரும்மா, சனிக்கிழமைதோறும் கூலி வாங்கினதும் தோல் மண்டி வாசல்ல இருந்து அவன் கையைப் புடிச்சு, சாராயக்கடையைத் தாண்டி, உன் வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டவன் நான். குடிக்கமாட்டோம்னு இந்த நோட்டுல பதினேழு பேர் கையெழுத்துப் போட்டாங்க. பதினாறு பேர் மறுபடியும் கடைக்குப் போய்ட்டாங்க. நின்னவன் காசி ஒருத்தன்.

— நின்னாருய்யா. அடிக்கிறதில்ல, திட்டறதில்ல. சின்னதுக்கு தலை வாரி விடறாரு. இப்படி ஒரு மனுஷன்கூடதான் இத்தினி வருஷம் குடித்தனம் பண்ணினேன்னு எனக்கே தெரியாது.

— அப்புறம் இன்னா?

— அவருக்கு வாடை தெரியுதுய்யா.

— இன்னா வாடை?

— சுண்ணாம்புக் குழியில ஊறி, மயிர் கழண்டு, சதை தொங்கற தோல் வாடை. பன்னெண்டு வயசுல அவங்கப்பா ஒரு கொட்டாங்கச்சி சாராயம் ஊத்திக் குடுத்துதான் அவரைக் குழியில எறக்கினாராம். அன்னியில இருந்து குடிக்காம ஒரு நாளும் எறங்கினதில்ல. செத்துக் கெடந்த மூக்கு உங்க ஜெபத்துல முழிச்சுக்கிச்சு.

— எல்லாம் பழகிடும்மா.

— பழகலய்யா. மூணு மாசம் பல்லைக் கடிச்சுனு போனாரு. அப்புறம் குழிக்கரையிலயே வாந்தி. சோத்துல கையை வெச்சா கையிலயும் அதே வாடை. சாம்பல், புளி, எல்லாம் போட்டுத் தேச்சுப் பாத்துட்டேன். நான் ஊட்டி விட்டாகூட தொண்டையில நிக்குது. ஆள் பாதியாப் போய்ட்டாரு. இப்ப குழிக்கே போறதில்ல.

— குழிக்கரையில சாராயம் ஊத்தறாங்களேன்னு, அவனை ஆவாரம்பட்டை இடிக்கற பக்கம் மாத்தச் சொல்லி மண்டி மொதலாளி அப்துல் வஹாப் சாயபுகிட்ட நானே கேட்டேனே. நல்ல மனுஷன், சரின்னாரே.

— சாயபு சரின்னாரு. ராமலிங்கம் மேஸ்திரி முடியாதுன்னுட்டாரு. பட்டை இடிக்கப் பொம்பளைங்க இருக்காங்க, குழிக்குத்தான் ஆளு கம்மியாம். காலைல எல்லாருக்கும் ஊத்திக் குடுக்கறதும் அவருதானே.

— துரை பங்களாத் தோட்டத்துல ஏதாச்சும்...

— கேட்டாச்சு. இருக்கறவங்களையே நிறுத்தப் போறாங்களாம். நம்ம ஜனத்துக்கு வேற எவன் வேலை குடுப்பான்? நாட்றம்பள்ளி வரைக்கும் நடந்து கேட்டுட்டு, கால் வீங்கி வந்தாரு.

— நான் ஜெபம் பண்றேன் பூவம்மா.

— பண்ணுங்கய்யா. நானும் பண்ணினுதான் இருக்கேன்.

— பாரும்மா, வர்ற ஞாயித்துக்கெழம வேலூர்ல இருந்து பாதிரி துரை வர்றாரு. காசியை சபை முன்னாடி சாட்சி சொல்ல வைக்கறேன்னு கடுதாசி எழுதிட்டேன். இப்ப போய் பேரை அடின்னா எப்படி? குடிக்கணும்னா அவன் குடிச்சிருப்பானே. நீ எதுக்கு வந்த?

— அவரு தொடமாட்டாருய்யா. தேவனுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டேன், உபதேசியாரே வந்து அந்த சத்தியத்தை விட்டுடுன்னு சொன்னாத்தான் தொடுவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாரு. ஒரு மடக்குக்கு உத்தரவு குடுங்க. காலைல குழியில எறங்கறப்ப மட்டும். ஜாஸ்தி வேணாம்.

— ஒரு மடக்கோட நிக்குமா? மறுபடியும் உன் மண்டையை உடைப்பான்.

— உடைக்கட்டும்.

— இன்னா பேச்சு பேசற? குடின்னு என் வாயால எப்படி சொல்லுவேன்? எனக்குத் தெரிஞ்சது இந்த நோட்டும் வேதப்புத்தகமும்தான். இதுக்கு மேல என்னால ஆகாதும்மா.

— சரிய்யா.

— மனசு விட்டுடாத. இத்தினி நாள் உன் வீட்டுல அடுப்பு எரிஞ்சுதுல்ல? கர்த்தர் யார் மூலமாவோ படியளந்துனுதான் இருக்காரு.

— மேஸ்திரி மூலமா அளக்கறாரு.

— இன்னா சொல்ற?

— பத்து நாளா அவருக்குப் பதிலா குழியில நான் எறங்கறேன்யா. பாதிக் கூலி. வேணாம்னு அவரு என் கால்ல வுழுந்தாரு. புள்ளைங்க பட்டினி கெடக்குதே, இன்னா பண்றது. நான் வீட்டுக்குள்ள வந்தா அவரு எழுந்து வெளிய போய்டறாரு. வாடை.

— பூவம்மா...

— மொத நாலு நாள் பச்சத்தண்ணிகூட உள்ள போகல. அஞ்சாம் நாள் மேஸ்திரி கொட்டாங்கச்சியை நீட்டினாரு, வாங்கிக்கினேன். அன்னிக்குத்தான்யா எனக்கு சோறு எறங்கிச்சு.