வெறும் ஆப்பிள்

வீட்டில் போடுகிற ஆப்பிள் சைடர் தெளிவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ரித்திக். சூப்பர்மார்க்கெட் ஜூஸில் ஈஸ்ட்டைப் போட்டு மூடி வைத்தால், சிங்கப்பூர் வெக்கைக்குத் தானாகப் பொங்கி, லேசாகப் போதையும் ஏறி அடங்கிவிடும். கலங்கல்தான் லேசில் போகாது. அவசரப்பட்டுப் பாட்டிலில் ஊற்றினால் கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் உன் அப்பா தொடமாட்டார். பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அதன் வழியே எதிர் பிளாக் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் குடிப்பார்.

நேற்று அவருடைய கருமாதி முடிந்ததும் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டாய்.

"கடைசியா அப்பாகிட்ட என்ன சொன்னீங்க, ஆன்ட்டி?"

சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

நீயும் என் மகள் தாரணியும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தது. பேசி முடிக்க நீங்கள் குவீன்ஸ்டவுனில் என் வீட்டுக்கு வந்த அன்று, வீடு முழுக்கக் கழுவி, புது டம்ளரில் காபி கொடுத்தேன். உன் அப்பா ஞானசேகரன் அண்ணன் டம்ளரை மூக்குப் பக்கம் கொண்டுபோனார். குடிக்காமல் கீழே வைத்தார்.

"மீன் வாடை அடிக்குது. எங்க வீட்டுக்கு இது ஒத்துவராது லா."

சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். என் மகள் பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நீ உன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. கோழைமேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

தாரணி அழுதாள், ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனாள், அங்கே ஒருவனைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். அந்தப் பேச்சை எடுத்தாலே "விடும்மா" என்கிறாள். அவள் விட்டுவிட்டாள். நான் எப்படி விடுவது? எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது.

உன் அம்மா லட்சுமி தவறிப்போன பிறகு அண்ணன் தனியாகிவிட்டார். நீ வேலை, வேலை என்று அலைந்தாய். பழையதை எல்லாம் மறந்தவள்போல நானே போய்ப் பேசினேன். அவருக்கு மீன் ஆகாது, முட்டை ஆகாது, ஆனால் சாயங்காலமானால் ஒரு கிளாஸ் ஆகும். அது என்ன சைவமோ, நான் கேட்கவில்லை. அவருக்கென்று தனி ஜாடி, தனிப் புனல், தனிப் பாட்டில் வாங்கிக் காட்டினேன். "வெறும் ஆப்பிள்தான் அண்ணே" என்றேன். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பெற்ற பிள்ளைகூட இப்படிக் கவனிப்பதில்லை என்று ஒருநாள் கண் கலங்கினார். அவரோடு உட்கார்ந்து பேசுவது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற தூள் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் கலந்தால் போதும், கலங்கல் எல்லாம் அடியில் வண்டலாக உட்கார்ந்துவிடும். மேலே கண்ணாடிபோல நிற்கும். வாடையே வராது. அதை இணையத்தில் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்குச் சொல்லி முடியாது.

டாக்டர்கள் கைவிரித்து அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, கங்கைத் தீர்த்தம் வாங்கி வரும்படி என்னிடம்தான் சொன்னாய். சிராங்கூன் ரோட்டில் அலைந்து, மூடி ஒட்டிய நல்ல செம்பாகப் பார்த்து வாங்கி வந்தேன். நீ ஸ்பூன் எடுக்க உள்ளே போன நேரத்தில் அவர் காதருகே குனிந்தேன்.

"அண்ணே, இத்தன வருஷமா நீங்க குடிச்ச சைடர, மீன் வயித்துல இருக்கிறத போட்டுத்தான் தெளிய வச்சேன். வாடை தெரியலயா?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நினைவு நன்றாகவே இருந்தது.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். நீ தீர்த்தத்தை வாயருகே கொண்டுபோனாய், அவர் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். திருநீறு பூசப் போனாய், முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நீ மன்னிப்புக் கேட்டு அழுதாய். கோபம் எதுவும் இல்லை, தம்பி. தன் வாய் அதற்கெல்லாம் லாயக்கில்லை என்று நினைத்துவிட்டார். தலையணையில் வழிந்த தண்ணீரை நான்தான் துடைத்தேன். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மீதிப் பாட்டில்கள் உன் வீட்டு ஃபிரிட்ஜில்தான் இருக்கின்றன. யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துச் சோதித்துப் பார். அந்தத் தூளை நான் வாங்கவே இல்லை. ஃபிரிட்ஜில் சில வாரம் அசைக்காமல் வைத்தேன், தானாகத் தெளிந்துவிட்டது. உன் அப்பா சுத்தமாகத்தான் போனார். சைவக்காரர் வாயில் மீனை வைப்பது பாவம், ரித்திக். அந்தப் பாவத்தை நான் செய்யவில்லை.