நாற்பத்தொன்றாம் வீட்டுக்காரர்

— இன்னொரு தடவை படி, கொகினூர். காகிதத்தைக் கெட்டியாப் பிடி, ஆத்துக் காத்து பிடுங்கிட்டுப் போயிரும். இப்போ என் உசுரே அதுலதான் இருக்கு.

— எத்தனை தடவை படிச்சாலும் அதே எழுத்துதாண்ணே. அம்பத்தொண்ணாம் வருஷக் கணக்கெடுப்பு. ஊர் பேர் சரி. நாற்பத்தொண்ணாம் வீடு. குடும்பத் தலைவர் ஆஸ்மான் அலி, வயசு முப்பது.

— ஆஸ்மான் அலியாம்! நம்ம தாத்தா சுருஜ் அலிடி! சூரியனுக்கும் ஆகாசத்துக்கும் வித்தியாசம் தெரியாத எந்தக் கபோதி எழுதினான் இதை?

— கத்தாதே. படகுல பாதி சனம் நம்மளையே பார்க்குது.

— பார்க்கட்டும்! நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. எழுபத்தொண்ணுக்கு முன்னாடியே தாத்தா இங்க இருந்தார்னு காட்டலேன்னா நான் வெளிநாட்டுக்காரன். பொறந்ததும் இந்த ஆத்து மணல்ல, வளர்ந்ததும் இந்த மணல்ல. ஆனா வெளிநாட்டுக்காரன்! கேம்ப்ல கொண்டுபோய்ப் பூட்டிருவான்.

— என்னங்க, வாயில வர்ற வார்த்தையா இது? நல்லதே நினைங்க.

— நீ சும்மா இரு ஜொரினா. பக்கத்து வீட்டு ஜொப்பார் சித்தப்பாவை எப்படிக் கூட்டிட்டுப் போனான், மறந்துட்டியா? வாயில வச்ச பழஞ்சோத்தை முழுங்கக்கூட விடலை. ரெண்டு வருஷம் ஆச்சு. அவர் செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்கு.

— அண்ணே, முதல்ல கேளு. வக்கீல் சொன்னதை ஒழுங்கா யோசிப்போம். அறுபத்தாறாம் வருஷ வாக்காளர் பட்டியல் நம்ம ஊருக்கு இல்லை. வெள்ளத்துல ஊறிக் கூழாப் போச்சாம். எழுபதுலயும் நம்ம பக்கம் கிடையாது. அப்போ இருக்கிறது இந்த ஒரே பக்கம்தான்.

— அந்த ஒரே பக்கத்துல வேற எவனோ உட்கார்ந்திருக்கான்! தாத்தா இருந்த தீவை ஆறு தின்னுருச்சு. அடுத்ததையும் தின்னுருச்சு. அவரைப் புதைச்ச கபர்கூட ஆத்தோட போச்சு. அவர் இருந்தாருங்கிறதுக்கு ஒரு செங்கல் உண்டா, ஒரு மரம் உண்டா? எதைக் காட்டுவேன் நான்?

— விசாரணைக்கு வரச் சொன்ன நோட்டீஸ்ல என்னதான் போட்டிருக்கு கொகினூர்?

— ஒரே வரி அண்ணி. 'குடும்பத் தலைவர் பெயர் பொருந்தவில்லை.'

— பார்த்தியா? தாத்தாவைத்தான் சொல்றான். நாம சுருஜ் அலி பேரன்னு எழுதிக் குடுத்தோம். ஏட்டுல ஆஸ்மான். மாட்டிக்கிட்டேன்.

— இன்னும் முடிக்கலை, மீதியையும் கேளு. அதே வீட்டுல மனைவி, ஃபூல்பானு, வயசு இருபத்திரெண்டு. மகன் மொய்னல், வயசு அஞ்சு. மாடு ரெண்டு.

— என்னது?

— ஃபூல்பானு. நம்ம பாட்டி. மொய்னல், நம்ம அப்பா.

— அப்போ... அந்த ஆஸ்மான் எவன்? பாட்டி வேற எவனோடவாவது... அப்பா யாருக்குப் பொறந்தார்? அல்லா! நான் யார் பேரன்டி?

— வாயைக் கழுவு! செத்துப்போன பாட்டியைப் பத்திப் பேசுற பேச்சா?

— பயத்துல பேசுறேன்டி. பீடியைக்கூடப் பத்தவைக்க முடியலை.

— ஒண்ணு சொல்லவாங்க?

— சொல்லித் தொலை.

— கணக்கெடுத்தது எந்த மாசம்னு போட்டிருக்கா?

— பிப்ரவரி அண்ணி.

— கடுகு அறுப்பு. ஆம்பளைங்க எல்லாம் விடிஞ்சதும் வயலுக்குப் போயிருப்பாங்க. வீட்டுல பாட்டி மட்டும் இருந்திருப்பாங்க. பட்டணத்து ஆள் ஒருத்தர் நோட்டோட வந்து, உன் புருஷன் பேர் என்னன்னு கேட்டிருப்பார்.

— கேட்டா? சுருஜ்னு சொல்ல வேண்டியதுதானே!

— எப்படிங்க சொல்லுவாங்க?

— எப்படின்னா?

— அண்ணே! உனக்கு உறைக்கலையா? அண்ணி என்னைக்காவது உன் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கியா?

— அவ எப்படிச் சொல்லுவா? புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு... யா அல்லா.

— பாட்டி முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு, மேல வெயிலைக் கைகாட்டியிருப்பாங்க. சுருஜ்னா சூரியன்தானே. நம்ம ஊர் ஆளா இருந்தா சிரிச்சுக்கிட்டே சுருஜ்னு எழுதியிருப்பார். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆகாசம்தான் தெரிஞ்சிருக்கு. ஆஸ்மான்னு எழுதிட்டுப் போயிட்டார்.

— அடிப்பாவி பாட்டி! ஒத்தை விரலை நீட்டிப் பேரனைக் கேம்ப் வாசல்ல நிறுத்திட்டியே!

— சிரிக்கிறியா அழுறியா அண்ணே?

— ரெண்டும்தான். கிடைச்சுட்டார்டி! தாத்தா கிடைச்சுட்டார்! நாற்பத்தொண்ணாம் வீடு, மாடு ரெண்டு, வயசு முப்பது. என்னைவிட அஞ்சு வயசு சின்னவர், பாரேன். வக்கீலுக்குப் போனைப் போடு.

— கரைக்குப் போனாத்தான் சிக்னல். விவரமா எழுதி வாங்கிருவோம். ஊர்ப் பொம்பளைங்க நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போனாப் போதும். ரேஷன் கடைக்காரரே வந்து சொல்லுவார். அண்ணி அங்க போனா என்ன பண்றாங்க? கார்டு யார் பேர்லன்னு கேட்டா, பாதல்ங்கிற உன் பேரைச் சொல்லாம மேகத்தைக் காட்டுறாங்க. அவரும் 'ஓ, பாதல் வீடா, மழை மேகத்து வீடா'ன்னு அரிசி அளந்து போடுறார்.

— ஆமா, அவனுக்குப் பழகிப்போச்சு. ஜொரினா, உன் புத்திக்கு நாளைக்கு ஒரு பெரிய மீன் வாங்கித் தர்றேன். என்ன, மூஞ்சியே சரியில்லை? படகு ஆடுதா?

— கொகினூர், அந்த நோட்டீஸை இன்னொரு தடவை படியேன்.

— 'குடும்பத் தலைவர் பெயர் பொருந்தவில்லை.' ஏன் அண்ணி?

— அம்பத்தொண்ணாம் வருஷத்துக் குடும்பத் தலைவர்னு இருக்கா?

— இல்லை. வெறும் குடும்பத் தலைவர்னுதான் இருக்கு.

— இப்போ நம்ம வீட்டுக்குக் குடும்பத் தலைவர் யாரு?

— இதென்ன கேள்வி? நான்தான்! முந்தானையை விடு, கிழிஞ்சிரப் போகுது. என்ன ஆச்சு?

— போன குளிர்காலத்துல நீங்க செங்கச்சூளை வேலைக்குப் போயிருந்தீங்க இல்லை? அப்போ ஒருத்தர் நோட்டோட வந்தார். வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்கன்னு சரிபார்க்க வந்தேன்னார். புது ஆளு. நான் உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்.

— அதனால என்ன? அவர் என் பேரைக் கேட்டாரா?

— கேட்டார்.

— மேகத்தைக் காட்டினியா?

— அன்னைக்கு ஒரு பொட்டு மேகம்கூட இல்லைங்க. நான் வெறும் ஆகாசத்தைத்தான் காட்டினேன்.