பதினோரு பாஸ்போர்ட்

காலை ஏழு மணி பத்து நிமிடம். ஓட்டு எண்ணி முடித்த மறுநாள். ஹோகிம்ஷோ தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

“ஹலோ... ஆமா, நான்தான்... ஓ, சஃபர்குல் டீச்சரா? சலாம், சலாம்... எல்லாரும் நல்லா இருக்கோம்... ம்... ம்... நன்றி, டீச்சர்... ஐயோ, தலைவர்னெல்லாம் கூப்பிடாதீங்க.”

காது சூடேறியது. அவரை எதிர்த்து நின்று தோற்றவள் அவள். உள்நாட்டுப் போர் முடிந்து பத்து வருடம் கழித்து, வக்ஷ் ஆற்றங்கரையிலிருந்த அந்த ஊரின் தலைமடைத் தெருவும் கடைமடைத் தெருவும் முதல்முறையாகச் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தன. வெளிநாட்டு உதவி நிறுவனத்தார் தரும் ஒரே தண்ணீர்ப் பம்பு எந்தத் தெருவுக்கு என்று குழுத்தலைவர்தான் சொல்ல வேண்டும். ஹோகிம்ஷோ தலைமடை. சஃபர்குல், ஆப்கானிஸ்தானுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்களின் கடைமடை. அங்கே இன்னமும் வாய்க்கால் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

“என்னது?... குழி வெட்ட உங்க தெரு ஆளுங்களை அனுப்புறீங்களா? எங்க பம்புக்கா?... டீச்சர், கொஞ்சம் நான் சொல்றதை... ஆமா, ஆமா, கேக்குது... யாரு, கண்ணிவெடியில கால் போன நஸ்ரியா? ஓட்டுப் போடக் கழுதை மேலயா வந்தான்?... அவங்கவங்க காலால வந்து போடணும்னு நீங்க சொன்னதுக்கு, கழுதைகிட்ட கால் கடன் வாங்கினேன்னானா? அவன் வாயப் பாரு.”

சிரிக்க முயன்றார். வரவில்லை.

“டீச்சர், வாழ்த்தெல்லாம் வேணாம்... கோவமில்ல. கேளுங்க. உங்க பெட்டி பள்ளிக்கூடத்துல இருந்துச்சு. எங்க பெட்டி டீக்கடையில. அங்க எல்லாரும் வரலை... தவ்லத் மாமா வந்தாரு. கையில வீட்டு ஆளுங்களோட பாஸ்போர்ட், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி. பதினொண்ணு... ஆமா. பதினோரு ஓட்டுச் சீட்டும் குடுத்தாங்க... அதுல ரெண்டு பேரு, உள்நாட்டு பாஸ்போர்ட்டை வீட்டுல வச்சுட்டு, மாஸ்கோவுல செங்கல் அடுக்கிட்டு இருக்கானுங்க... இல்ல டீச்சர், யாரும் கள்ள ஓட்டுன்னு நினைக்கல. வீட்டுப் பெரியவர் வீட்டுக்கே போடுறது வழக்கம்தானே. இந்தத் தடவை அப்படி இல்லன்னு பேசினோம், வாஸ்தவம்... அவரு மட்டும் இல்ல. நிறைய பேரு... பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்துலதான் நின்னேன்... ஏன் தடுக்கலன்னா...”

கிண்ணத்தில் தேநீர் ஆறிப்போயிருந்தது.

“ஜெயிக்கணும்னு இருந்துச்சு, டீச்சர்.”

அவர் கைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

“போர்ல உங்க வீட்டுக் கதவு, ஜன்னலைக் கழட்டிட்டு வந்தது எங்க தெரு. இப்ப தண்ணியும்... திட்டுங்க. நல்லா திட்டுங்க... திட்டவும் மாட்டீங்களா?... இந்த ஓட்டு செல்லாதுன்னு நானே சொல்றேன். ஆமா, ஆமா, மறுபடியும் நடத்தட்டும்... அதே டீக்கடையில, எல்லார் முன்னாடியும் சொல்றேன்... துரோகின்னுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்... என்ன?... என் வீட்டுலயா?”

அதே அறையின் மூலையில் அவர் மனைவி மொஹ்பானு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அஞ்சு பாஸ்போர்ட்... என்னோடதையும் சேர்த்து... நான்தான் போட்டேன்... இல்ல. அவகிட்ட கேக்கல... கேக்கணும்னே தோணல, டீச்சர்... ம்... ம்... ஹலோ? டீச்சர்?”

அவள் வைத்துவிட்டிருந்தாள்.

மாவு பிசையும் சத்தமும் நின்றிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். முழங்கைவரை மாவு, மொஹ்பானு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாகப் பார்க்கும் முகம். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நேத்து உன்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா,” என்றார், “நீ யாருக்குப் போட்டிருப்ப?”